புதுக் கம்ப்யூட்டரில் திரை இருட்டா? கார்டைக் குறை சொல்லுமுன் ஒயரைப் பாருங்கள்!

கொல்கத்தாவில் எலெக்ட்ரிக் சாமான் வேண்டும் என்றால் சாந்தினி சவுக்குக்குத்தான் போகவேண்டும். வால்வு ரேடியோ காலத்திலிருந்து இதுவே வழக்கம். அன்று ரேடியோவுக்கு உதிரி பாகம் தேடி வந்தார்கள். பிறகு டேப் ரிக்கார்டருக்கும் டி.வி.க்கும் வந்தார்கள். இன்று மேடன் தெருவிலும், கணேஷ் சந்திர அவென்யூவிலும், சித்தரஞ்சன் அவென்யூவிலும் கடை கடையாக ஏறி இறங்கும் இளைஞர்கள் கேட்பது "கிராபிக்ஸ் கார்டு".

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு இந்த மார்க்கெட் தூரம் இல்லை. காளிகாட்டில் மெட்ரோ ரெயில் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் சாந்தினி சவுக். போகும்போது ரெயில், பெட்டிகளோடு திரும்பும்போது டாக்சி.

வாங்குகிற காலம் பெரும்பாலும் பூஜை சமயம். போனஸ் வரும் நேரம் அல்லவா? ரெயில்வே ஊழியர்களுக்குப் பல ஆண்டுகளாக 78 நாள் சம்பளம் போனசாகக் கிடைத்து வருகிறது. ஆனால் கணக்குக்கு உச்சவரம்பு உண்டு. கைக்கு வருவது அதிகபட்சம் 17 ஆயிரத்து 951 ரூபாய்தான். விளையாட்டுக் கம்ப்யூட்டருக்கான நடுத்தரக் கார்டு ஒன்றை வாங்கவே அது போதாது. மீதிக்கு மாதத் தவணை, சீட்டுப் பணம், சில வீடுகளில் அம்மாவின் வளையல்.

இப்படி அரும்பாடுபட்டு வாங்கிய கம்ப்யூட்டரை மேஜை மேல் வைத்துச் சாமி படத்துக்குப் பூப்போட்டு, சுவிட்சைத் தட்டுகிறார்கள். உள்ளே காற்றாடிகள் சுழல்கின்றன. பல வண்ண விளக்குகள் ஜொலிக்கின்றன. திரை மட்டும் இருட்டு! "நோ சிக்னல்" என்ற ஒரு வரி வந்து மறைகிறது.

பையன் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்குப் போன் செய்தால், "கார்டு கராப் ஹொயே கேச்சே" என்று ஒரே வரியில் தீர்ப்பு வருகிறது. கார்டு கெட்டுப் போய்விட்டதாம். "நேற்றுத்தானே வாங்கினோம்!" என்று வீடே கலங்குகிறது.

அந்தத் தீர்ப்பை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. புதுக் கம்ப்யூட்டரில் படம் வராததற்குக் கார்டு கெட்டுப்போனது ஒரு காரணம் மட்டுமே. அதற்கு முன்னால் பார்க்கவேண்டிய காரணங்கள் ஐந்தாறு இருக்கின்றன. அவற்றில் பலவற்றைச் சரிசெய்யக் காலணா செலவு இல்லை. சிலவற்றுக்கு ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம்.

கார்டின் வேலை என்ன?

கம்ப்யூட்டரின் மூளை பிராசசர் என்பது தெரிந்ததே. விளையாட்டில் குதிரை ஓடுவதையும், மழை பெய்வதையும், நிழல் விழுவதையும் படமாக வரைவது அதற்குப் பெரும் சுமை. அந்தச் சுமையைத் தனியே ஏற்றுக்கொள்வதுதான் கிராபிக்ஸ் கார்டு.

சாதாரண மானிட்டர் ஒன்றின் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள். நெடுக்கே 1,080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. விளையாட்டுக்கென்று விற்கும் மானிட்டர்கள் பலவற்றில் வினாடிக்கு 144 முறை படம் மாறும். அப்படியானால் ஒரு வினாடிக்குச் சுமார் 30 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் முடிவு செய்யவேண்டும். ஒரே ஆள் ஒவ்வொன்றாகச் செய்தால் முடியாது. ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்கள் ஒரே சமயத்தில் உட்கார்ந்து செய்வதுபோல இந்தக் கார்டு செய்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1993-ம் ஆண்டு தொடங்கப்பட்ட என்விடியா கம்பெனி, 1999-ல் 'ஜீபோர்ஸ் 256' என்ற கார்டை வெளியிட்டது. உலகின் முதல் "ஜி.பி.யு." என்று சொல்லி அதை விற்றார்கள். கனடா நாட்டு ஏ.டி.ஐ. கம்பெனியை 2006-ல் வாங்கிய ஏ.எம்.டி. நிறுவனம் இத்தொழிலில் அதற்குப் போட்டி. இன்டெல் நிறுவனமும் களத்தில் இருக்கிறது.

கம்ப்யூட்டரும் கார்டும் கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. வடக்கே பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1953-ம் ஆண்டிலேயே சமரேந்திர குமார் மித்ரா கணக்குப் போடும் எந்திரம் ஒன்றை உருவாக்கினார். 1956-ல் இங்கிலாந்திலிருந்து 'எச்.இ.சி.-2எம்' என்ற கம்ப்யூட்டர் அங்கே வந்து நிறுவப்பட்டது. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அது. 1966-ல் அந்தக் கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூட்டாக 'இசிஜு' கம்ப்யூட்டரை உருவாக்கின. அந்த நாளில் கார்டு என்றால் துளை போட்ட அட்டை. கணக்கு அந்த அட்டை வழியாகத்தான் எந்திரத்துக்குள் போகும். கோளாறு வந்தால் பார்க்க என்ஜினீயர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். இன்று கம்ப்யூட்டர் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. கோளாறு பார்ப்பதும் வீட்டாரின் வேலை ஆகிவிட்டது.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. ரெயில் பாதையில் சிக்னல் விளக்கு எரியவில்லை என்றால், என்ஜின் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பல்பு, ஒயர், மின்சாரம், ரிலே என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். எளிதில் பார்க்கக்கூடியதை முதலில் பார்க்கவேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். நாலைந்தை ஒன்றாக மாற்றிவிட்டால் எதனால் சரியாயிற்று, எதனால் கெட்டது என்பது கடைசி வரை தெரியாது.

எந்தத் துவாரத்தில் ஒயர்?

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறம் மானிட்டர் ஒயரைச் சொருக இரண்டு இடங்கள் இருக்கும். மேலே, கீபோர்டும் மவுசும் சொருகும் இடத்துக்கு அருகே இருப்பவை மதர்போர்டின் துவாரங்கள். கீழே, தனியாகக் குறுக்குவாட்டில் வரிசையாக இருப்பவை கிராபிக்ஸ் கார்டின் துவாரங்கள். ஒயரைக் கீழே உள்ள கார்டில்தான் சொருகவேண்டும்.

மேலே சொருகினால் என்ன ஆகும்? சில பிராசசர்களில் படம் காட்டும் வசதி உள்ளேயே அமைந்திருக்கும். அவற்றில் ஒருவேளை படம் வரும். ஆனால் விளையாட்டு தட்டுத்தடுமாறி ஓடும். 'புதுக் கார்டு வேலை செய்யவில்லை' என்று தோன்றும். வேறு சில பிராசசர்களில் அந்த வசதி கிடையாது. இன்டெல் பிராசசரின் பெயர் 'எப்' என்ற எழுத்தில் முடிந்தால் அது அந்த ரகம். அதில் மேலே சொருகினால் இருட்டுத்தான்.

கார்டின் துவாரங்களைப் புழுதி படாமல் காக்கச் சிறு பிளாஸ்டிக் மூடிகள் போட்டு அனுப்புவதும் உண்டு. அதைக் கழற்ற மறந்துவிட்டு ஒயரைச் சொருகி அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது மானிட்டர். ஒரே மானிட்டரில் எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளே போர்ட் என்று இரண்டு மூன்று வழிகள் இருக்கும். எந்த வழியில் படம் வருகிறது என்று மானிட்டரிலேயே பொத்தானை அழுத்திச் சொல்லவேண்டும். ஒயர் ஒரு வழியிலும் மானிட்டர் இன்னொரு வழியிலும் காத்திருந்தால் "நோ சிக்னல்" என்றுதான் வரும். ஒயரையும் மாற்றிப் பார்க்கலாம். வீட்டு டி.வி.யில் நல்லபடியாக வேலை செய்யும் எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒன்று போதும். மானிட்டருக்குப் பதில் டி.வி.யிலேயே சொருகிப் பார்த்தால் மானிட்டர் மீதான சந்தேகமும் தீரும்.

சற்றுப் பொறுங்கள்!

இருட்டுத் திரையைக் கண்டவுடன் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். இது கூடாது. டி.டி.ஆர்.-5 ரக ஞாபகச் சில்லுகள் உள்ள புதுக் கம்ப்யூட்டர், முதல் தடவை உயிர் பெறும்போது அந்தச் சில்லுகளைச் சோதித்துப் பழக்கிக்கொள்கிறது. அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். அந்த நேரத்தில் திரையில் ஒன்றும் தெரியாது. நடுவில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். இப்படி அணைத்து அணைத்தே, நன்றாக இருக்கும் கம்ப்யூட்டரைக் கெட்டதாக எண்ணிக் கடைக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு. முதல் முறை கால் மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

மின்சாரம் போய்ச் சேருகிறதா?

கொல்கத்தாவுக்கு மின்சாரம் தந்த முதல் மின்நிலையம் 1899-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந்தேதி இமாம்பாக் சந்தில் ஓடத் தொடங்கியது. பிரின்செப் தெருவுக்கு அருகே, இன்று கம்ப்யூட்டர் விற்கும் அதே வட்டாரம். நகருக்கு மின்சாரம் வந்து 125 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், பழைய வீடுகள் பலவற்றில் எர்த் ஒயர் சரியாக இல்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறதா? முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் பிளக்கின் ஒரு பின்னை ஒடித்து இரண்டு பின்னில் சொருகும் பழக்கம் லட்ச ரூபாய்ச் சாமானுக்கு ஆகாது.

பெட்டிக்குள்ளும் மின்சாரம் சரியாகப் போகவேண்டும். கார்டு உட்காரும் துவாரம் தரக்கூடியது 75 வாட் மட்டுமே. பெரிய கார்டுகளுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆகவே பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குத் தனி ஒயர் போகவேண்டும். 6 பின் ஒயர் 75 வாட்டும், 8 பின் ஒயர் 150 வாட்டும் தரும். 16 பின் உள்ள புதிய ரகம் 600 வாட் வரை தரும்.

இந்த ஒயரைச் சொருகவே மறந்தவர்கள் ஒரு ரகம். பாதி சொருகியவர்கள் இன்னொரு ரகம். காற்றாடி சுழலும், விளக்கு எரியும், படம் வராது. பிராசசருக்குப் போகும் 8 பின் ஒயரும் கார்டுக்குப் போகும் 8 பின் ஒயரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் வேறு வேறு. ஒயரின் முனையில் எழுதியிருப்பதைப் படித்தே சொருகவேண்டும். பலவந்தம் கூடாது. பிராசசரின் ஒயர் விட்டுப் போயிருந்தாலும் இதே இருட்டுத்தான்.

பாதி சொருகுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் உதாரணம். 2022 அக்டோபரில் என்விடியாவின் 'ஆர்.டி.எக்ஸ். 4090' கார்டு வெளிவந்தது. சில வாரங்களுக்குள் அதன் 16 பின் பிளக்குகள் உருகிப் போன படங்கள் உலகெங்கும் பரவின. சுமார் 50 புகார்கள் வந்திருப்பதாக நவம்பரில் கம்பெனி சொன்னது. பிளக் முழுவதும் உள்ளே போகாததுதான் பொதுவாகக் காணப்பட்ட காரணம் என்றும் தெரிவித்தது. அடுத்த ஆண்டு பிளக்கின் அமைப்பையே சற்று மாற்றினார்கள். 'கிளிக்' என்ற சத்தம் வரும் வரை அழுத்தி, இடைவெளி தெரியாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது நல்லது.

பவர் சப்ளைக்குப் போதிய பலம் இருக்கவேண்டும். 'ஆர்.டி.எக்ஸ். 5060' கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று கம்பெனி சொல்கிறது. 4090-க்கு 850 வாட். 5090-க்கு 1,000 வாட். பழைய கம்ப்யூட்டரில் இருந்த பவர் சப்ளையைப் புதியதில் போட்டுக் காசு மிச்சம் பிடித்தால், விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் திரை அணையும் அல்லது கம்ப்யூட்டரே படுத்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: கழற்றி மாட்டும் ஒயர்கள் உள்ள பவர் சப்ளை என்றால், அதனோடு வந்த ஒயர்களையே பயன்படுத்தவேண்டும். வேறு கம்பெனியின் ஒயர் பொருந்துவதுபோல் இருக்கும். உள்ளே இணைப்பு மாறியிருந்தால் கார்டு புகைந்துவிடும்.

டாக்சிக் குலுக்கலும் ரெயில் பயணமும்

இப்போதைய பெரிய கார்டுகளில் சில இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அந்த எடை முழுவதும் ஒரு சிறு துவாரத்திலும் இரண்டு ஸ்குரூவிலும் தொங்குகிறது. டிராம் தண்டவாளத்தில் டாக்சி ஏறி இறங்கும் குலுக்கலில் கார்டு ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் இணைப்பு விட்டுப் போகும். கடையில் படம் காட்டிய கம்ப்யூட்டர் வீட்டில் காட்டாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரிசெய்யும் முறை இது. சுவிட்சை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கவேண்டும். கம்ப்யூட்டரின் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து, மிச்சமுள்ள மின்சாரத்தைப் போக்கவேண்டும். பெட்டியின் இரும்புப் பாகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தையும் இறக்கவேண்டும். பிறகு கார்டின் ஸ்குரூக்களைக் கழற்றி, துவாரத்தின் ஓரத்தில் உள்ள சிறு கொண்டியை அழுத்தினால் கார்டு வெளியே வரும். இழுத்துப் பிடுங்கினால் துவாரமே பெயர்ந்துவிடும். மறுபடி நேராக வைத்து அழுத்தி, கொண்டி பூட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு ஸ்குரூவை முடுக்கவேண்டும். ஞாபகச் சில்லுகளையும் இதேபோல ஒருமுறை எடுத்துச் சொருகலாம்.

படிப்பு முடிந்து, அல்லது வேலை மாறி, கோரமண்டல் எக்ஸ்பிரசில் கம்ப்யூட்டரோடு சென்னைக்குப் போகிறவர்கள் கார்டைக் கழற்றி அதன் சொந்த அட்டைப் பெட்டியில் தனியாக எடுத்துச் செல்வதே நல்லது. பார்சல் வேனில் போடுகிறவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்யவேண்டும். மழைக்காலத்தில் இன்னொரு விஷயம். குளிர்சாதனக் கடையிலிருந்து ஆவணி மாதத்துப் புழுக்கத்துக்கு வந்த பெட்டியை உடனே இயக்கவேண்டாம். ஈரம் படிந்திருக்கலாம். ஒரு மணி நேரம் ஆறவிடலாம்.

நாலு விளக்கு சொல்லும் ரகசியம்

புதிய மதர்போர்டுகள் பலவற்றின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் உண்டு. பிராசசர், ஞாபகச் சில்லு, கிராபிக்ஸ், வட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. கம்ப்யூட்டர் எழும்போது வரிசையாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை. 'வி.ஜி.ஏ.' என்று எழுதிய விளக்கு நின்றால் கிராபிக்ஸ் கார்டையோ அதன் இணைப்பையோ பார்க்கவேண்டும். 'டி-ராம்' விளக்கு நின்றால் கார்டைக் குற்றம் சொல்வது வீண்.

அமைப்புகள் குழம்பிப் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்துவிட்டு மாட்டலாம். கம்ப்யூட்டர் பிறந்தபோது இருந்த அமைப்புக்குத் திரும்பிவிடும்.

பிராசசரில் படம் காட்டும் வசதி இருந்தால் கார்டையே கழற்றிவிட்டு, ஒயரை மேல் துவாரத்தில் சொருகிப் பார்க்கலாம். படம் வந்தால் மற்ற பாகங்கள் சரி என்று அர்த்தம். கார்டை நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. அதற்குப் போதுமான பவர் சப்ளை அங்கே இருக்கவேண்டும். அங்கே படம் வந்தால் கார்டு குற்றமற்றது.

கம்பெனியே திருத்திய இருட்டு

எல்லாம் சரியாக மாட்டியும் திரை இருண்டால் கார்டுதான் செத்தது என்று சொல்லலாமா? அப்போதும் அவசரம் கூடாது என்பதை 2025-ம் ஆண்டு காட்டிவிட்டது.

அந்த ஆண்டு ஜனவரி 30-ந்தேதி என்விடியாவின் 'ஆர்.டி.எக்ஸ். 5090', '5080' கார்டுகள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் பலர் திரை திடீரென்று கறுத்துப் போவதாகப் புகார் செய்தார்கள். கம்பெனி விசாரித்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் டிரைவர் என்ற மென்பொருளைத் திருத்தித் திருத்தி வெளியிட்டது. மே மாதத்தில், நடுத்தர வீடுகள் வாங்கும் '5060' வரிசைக் கார்டுகளுக்கும் ஒரு திருத்தம் வந்தது. சில மதர்போர்டுகளில் இந்தக் கார்டைப் போட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பும்போது திரை வெறுமையாக நின்றுவிடும். கார்டுக்குள் இருக்கும் ஆரம்ப மென்பொருளைப் புதுப்பிக்கும் கருவியைக் கம்பெனி இலவசமாகத் தந்தது. திரையே வராதவர்கள், பிராசசரில் உள்ள பட வசதியையோ வேறு கார்டையோ கொண்டு கம்ப்யூட்டரை எழுப்பி அதை ஓட்டலாம்.

ஆக, செத்ததாக நினைத்த கார்டு மென்பொருளால் பிழைத்தது. ஆகவே கார்டைக் கைவிடுமுன் மதர்போர்டு கம்பெனியின் தளத்திலும் கார்டு கம்பெனியின் தளத்திலும் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். வேறு தளங்களில் கிடைக்கும் டிரைவரைத் தொடாதீர்கள்.

விண்டோஸ் வந்தபிறகு திரை மட்டும் கறுத்தால் ஒரு சிறு வித்தை உண்டு. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று சாவிகளோடு 'பி' சாவியையும் சேர்த்து அழுத்தினால், டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திரை ஒருமுறை சிமிட்டிவிட்டுத் திரும்பினாலும் திரும்பும். திரும்பாவிட்டால் 'சேப் மோடில்' புகுந்து, பழைய டிரைவரை முழுவதும் நீக்கிவிட்டுப் புதியதைப் போடவேண்டும். 144 முறை மாறும் மானிட்டர் 60 முறைதான் மாறுகிறது என்ற குறைக்கும் கார்டு காரணம் அல்ல. விண்டோசின் 'டிஸ்பிளே' அமைப்பில் அந்த எண்ணை நாமே தேர்ந்தெடுக்கவேண்டும்.

எப்போது கார்டைச் சந்தேகிப்பது?

திரையில் கோலப்பொடி சிதறியதுபோல வண்ணப் புள்ளிகள், சதுரங்கக் கட்டங்கள், செங்குத்துக் கோடுகள் தோன்றுகின்றனவா? அவை எப்போது தோன்றுகின்றன என்பதுதான் முக்கியம். சுவிட்ச் போட்டவுடன் வரும் முதல் பக்கத்திலேயே தோன்றி, ஒயரையும் மானிட்டரையும் மாற்றியும் போகவில்லை என்றால், கார்டின் ஞாபகச் சில்லோ சிப்போ பழுதாக இருக்கலாம். டிரைவர் ஏறிய பிறகு மட்டும் தோன்றினால் முதலில் டிரைவரைப் பாருங்கள். விளையாடி அரை மணி கழித்துத் தோன்றினால் சூடு காரணமாகலாம். கார்டின் காற்றாடி சுழல்கிறதா, பெட்டி சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

புதுசு என்று விற்கும் பழசு

'எதேரியம்' என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டுவதற்கு இந்தக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. 2022 செப்டம்பர் 15-ந்தேதி அந்த முறை கைவிடப்பட்டது. அதன்பின் ஓய்ந்துபோன கார்டுகள் உலகெங்கும் பழைய சாமானாகச் சந்தைக்கு வந்தன. விலை மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதன் பூர்வோத்தரத்தை விசாரிப்பது நல்லது. பெட்டியின் சீல், பெட்டியில் உள்ள எண்ணும் கார்டில் உள்ள எண்ணும் ஒன்றா, துவாரத்தில் சொருகும் பொன்னிறப் பற்களில் தேய்மானம் உண்டா என்று கடையிலேயே பார்க்கலாம்.

போலிக் கார்டுகளும் உண்டு. பழைய சிப்புக்குப் புதுப் பெயர் சூட்டி விற்பார்கள். டிரைவர் ஏறாது, படம் மங்கலாக நிற்கும். 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவச மென்பொருள் 2018-லிருந்து இப்படிப்பட்ட போலி என்விடியா கார்டுகளை அடையாளம் காட்டுகிறது.

பில் இருந்தால் பலம்

இத்தனையும் பார்த்த பிறகும் கார்டுதான் குற்றவாளி என்றால், அப்போது தயங்கவேண்டாம். கடைக்காரர் நேரடியாக மாற்றித் தருவது பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குத்தான். பிறகு கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வழியாக அலையவேண்டியிருக்கும். ஆகவே சோதனைகளை வாங்கிய அன்றே, மறுநாளே முடித்துவிடுவது நல்லது. வாங்கும்போதே எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது அதைவிட நல்லது. பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் அந்தக் குறைப்பு பிற்பாடு அதிக விலையாக முடியும். கார்டின் எண் பில்லில் இருக்கவேண்டும். கார்டில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரைக் கிழிக்கக்கூடாது. அட்டைப் பெட்டியை எடைக்குப் போடக்கூடாது. திரையில் தெரியும் கோளாறைப் போனில் படமெடுத்து வைத்தால், கடையில் "இங்கே நன்றாகத்தானே இருக்கிறது" என்ற பேச்சு எழாது.

கடையும் கம்பெனியும் கைவிரித்தால் சட்டம் இருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ந்தேதி அமலுக்கு வந்தது. அதன்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போடவேண்டும் என்பதில்லை; குடியிருக்கும் ஊரில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். சென்னையில் வாங்கிக் கொல்கத்தாவுக்குக் கொண்டு வந்தவர்களுக்கும், இங்கே வாங்கித் தமிழ்நாட்டுக்கு எடுத்துப் போனவர்களுக்கும் இது பெரிய உதவி. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வழக்குக்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். வங்காளியும் இந்தியும் சரளமாக வராதவர்கள் கவலைப்பட வேண்டாம், தமிழிலும் பேசலாம். மேற்கு வங்காள அரசின் நுகர்வோர் துறை அலுவலகம் மிர்சா காலிப் தெருவில், கிரேதா சுரக்ஷா பவனில் இருக்கிறது. போகும்போது பில், வாரண்டி அட்டை, கடைக்கு அனுப்பிய புகாரின் நகல், எந்தெந்தச் சோதனை எந்தத் தேதியில் செய்தோம் என்ற குறிப்பு ஆகிய நான்கையும் கொண்டுபோகவேண்டும்.